புதுப்பிப்பு: மனோரஞ்சிதத்தின் பெயர்

கோண்டாவில் வீட்டு வேலியில் படரும் மனோரஞ்சிதத்திற்கு அப்பெயர் ஏன் வந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்களுக்கு நன்றி.

தமிழ்ப் பெயர் வடமொழி வழி வந்தது: மனத்தை மகிழ்விப்பது. ‘ரஞ்சித’ என்பதற்கு நிறமேற்றப்பட்டது என்ற பொருளும் உண்டு. பச்சையாய் விரிந்து, மஞ்சளாகும்போது கனிந்த பழமாய் மணக்கும் பூவுக்கு அதுவும் பொருந்துகிறது. ஆனாலும் மணமே பெயரிட்டிருக்கும் என்பது என் கட்சி.

தாவரவியல் பெயரோ வேறு கதை. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1820இல் இட்ட ‘ஆர்ட்டாபோட்ரிஸ்’ என்ற பேரினப் பெயர், தொங்கவிடுதல், முந்திரிகை (திராட்சை) குலை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பூக்காம்பு கொக்கியாய் வளைந்து கொப்பைப் பற்ற, காய்கள் கொத்தாய்த் தொங்கும். அதன் பின் வரும் சிற்றினப் பெயரான ‘ஹெக்ஸாபெட்டலஸ்’ ஆறு இதழைக் குறிக்கிறது. மல்லிகை இனமா என்று கேட்டவருக்கு: இல்லை, அன்னமுன்னா (சீத்தாப்பழம்) குடும்பம்.