பைண்டிங் என்பதற்குப் ‘பூண்’ சரிவருமா?

வணக்கம்.

பிடிதுணி, அதாவது சூடான சட்டியைத் தூக்கும் அடுக்குத் துணி, தைக்கும் குறிப்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடல் இழைக்குத் தாமதமாக வருகிறேன். துணியின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைண்டிங்குக்கு இதுவரை வந்த சொற்கள்: பிணைப்பு, ஓரங்கட்டல், கரைப்பட்டி. மூன்றையும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

‘பிணைப்பு’ அகராதியிலிருந்து நேரே இறங்கியது. மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் பிணைப்பது நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல். ஓரத்துக்கு அந்த வேலை இல்லை. ‘ஓரங்கட்டல்’ பரவாயில்லை, ஆனால் கேட்டதும் கட்சியில் யாரையோ ஓரங்கட்டிய செய்திதான் நினைவுக்கு வருகிறது. ‘கரை’ என்றால் புடவைக்கரை, தறியிலேயே நெய்து வருவது.

சொல்லை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். நான் தைப்பது 8 அங்குலச் சதுரப் பிடிதுணி. மேலும் கீழும் பருத்தி, நடுவே பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. தைத்து ஓரத்தை அளவாக நறுக்கியதும் நான்கு பக்கமும் பிசிர் தலைநீட்டும். அப்படியே விட்டால் நாலு துவைப்பில் டவல் நூல் உதிர்ந்து குழம்பில் விழும். அதற்குத்தான் 2½ அங்குல அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பட்டியின் வெட்டுவாயும் துணியின் வெட்டுவாயும் ஒரே கோட்டில் நிற்க, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்கிறோம். பிறகு மடிப்பைப் பின்பக்கம் புரட்டிக் கைத்தையல். சுற்றளவு 32 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புக்கும் இன்னொரு 10. 44 அங்குல அகலத் துணியில் குறுக்கே ஒரே ஒரு பட்டி வெட்டினால் ஒட்டுப்போடாமல் வேலை முடியும். இந்தக் கணக்கு தெரியாமல் நான் துண்டு துண்டாக ஒட்டிய பட்டிகள் ஒரு பை நிறையக் கிடக்கின்றன.

ஆக, சிதையக்கூடிய முனைமேல் வேறொன்றை மாட்டி அதைக் காக்கிறோம். இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. உலக்கை நுனியில் இரும்பு வளையம் மாட்டியிருப்பார்களே, அதன் பெயர் பூண். அது இல்லாவிட்டால் இடித்து இடித்து மரம் பிசிராகிப் பிளந்துவிடும். கைத்தடியின் அடியிலும் பூண் உண்டு. மரத்துக்குச் செய்வதைத்தான் இங்கே துணிக்குச் செய்கிறோம்.

தைத்து முடிந்த ஓரம் பூண். அதற்கென்று வெட்டிய துணி பூண்பட்டி. வினையாகச் சொல்ல பூண் கட்டு. தையற்கடையில் ‘கிராஸ் பீஸ்’ என்கிறார்களே, அதை மூலைவாட்டுப் பட்டி எனலாம். துணியை மூலைவாட்டில் வெட்டினால் இழுவை கிடைக்கும், வட்டப் பிடிதுணிக்கு அது வேண்டும். சதுரத்துக்கு நேர்ப்பட்டியே போதும்.

மூலையில் பட்டி திரும்பும் இடத்துக்கு மூலைமடிப்பு. விளிம்புக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை 45 பாகையில் மேலே மடக்கி, மறுபடி கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். என் முதல் பிடிதுணியில் விளிம்புவரை ஓட்டிவிட்டேன். மூலை நான்கிலும் கொழுக்கட்டை.

பிழை இருந்தால் திருத்துங்கள்.

*

தம்பி, முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறவள் நான். பூண் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்று கேட்கிறேன். கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைத்து முழுவதையும் உள்ளே மடித்து எம்மிங் செய்கிறோமே, அதுவும் பூணா? எனக்கு ஒப்பவில்லை. உலக்கைப் பூண் வெளியே தெரியும், இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும். உள்ளே ஒளிந்துகொள்வதற்கு வேறு பெயர் வையுங்கள்.

அப்புறம், சிலர் பட்டியே வெட்டாமல் அடித்துணியைப் பெரிதாக விட்டு முன்பக்கம் மடித்துத் தைத்துவிடுவார்கள். பார்க்கப் பூண் மாதிரியே இருக்கும். ஆனால் பூண் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். இதில் ஓரம் கிழிந்தால் அடித்துணியே போயிற்று. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் படித்துத் தைக்கிற பிள்ளைகள் குழம்பும்.

பட்டிக்குப் பருத்தியே எடுக்கச் சொல்லி எழுது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஒருத்தி பாலியெஸ்டரில் வைத்தாள். காய்ந்த தோசைக்கல்லில் பட்டதும் ஓரம் இளகி ஒட்டிக்கொண்டது.

*

அக்கா, இரண்டும் சரி. கழற்றி மாற்றலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இனி வரையறை இப்படி இருக்கட்டும்: தனித்துணியால் ஆனது, வெட்டுவாயை இருபுறமும் கவ்வி வெளியே தெரிவது, பிரித்து மாற்றக்கூடியது. அடித்துணியை மடிப்பதற்கு ‘மடிப்போரம்’ போதும். கழுத்துக்கு உள்ளே போவதை உள்பட்டி என்று போட்டு வைக்கிறேன்; கடையில் வேறு சொல் புழங்கினால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

பாலியெஸ்டர் உருகுவது சுமார் 250 டிகிரி செல்சியஸில், இளகத் தொடங்குவது அதற்கும் முன்பே. வெறும் இரும்புக்கல் அடுப்பில் கிடந்தால் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். நடு அடுக்குக்கும் தைக்கும் நூலுக்கும்கூடப் பருத்தி என்றே எழுதிவிடுகிறேன். ஈரப் பிடிதுணியால் சட்டியைத் தூக்கக்கூடாது, சூடு நேரே கைக்கு வரும் என்பதையும் சேர்க்கிறேன்.

ஆணியில் மாட்டும் வளையத்துக்கு யாரோ ‘தொங்குகண்ணி’ என்று எழுதியிருந்தார்கள். வேண்டாமே. ஊசிக்குக் காது இருக்கிறது, பாத்திரத்துக்கும் இருக்கிறது, இதற்கும் காதுதான். பூண் கட்டும் முன்பே அதை மூலையில் சொருகிவிட வேண்டும். நேற்று மறந்துபோய் ஒரு பக்கம் முழுக்கப் பிரித்தேன்.