மிஷன் பயணம் முடிந்து வந்த வாலிபர்கள் சோர்ந்திருக்கிறார்கள்

18 முதல் 22 வயதுள்ள 9 பேரை 2 வார வெளிநாட்டு ஊழியத்துக்கு அழைத்துச் சென்று திரும்பி 3 மாதம் ஆகிறது. அங்கே யாரும் எழுப்பாமலே விடியற்காலை 5 மணிக்கு ஜெபிக்கக் கூடினார்கள். ஜெபக்கூட்டத்தில் வாயே திறக்காத தங்கை ஒருத்தி, மொழி தெரியாத ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தாள். இப்போது அவளும் வருவதில்லை. வருவது 3 பேர்தான். "அங்கே தேவன் அருகில் இருந்தார், இங்கே வெறுமையாக இருக்கிறது அண்ணா" என்கிறார்கள்.

சபையில் சாட்சி சொல்ல வைத்தோம், உபவாச ஜெபம் வைத்தோம். வீடு வீடாகப் போயும் பார்த்துவிட்டேன். ஊழியம் முடித்து வந்த சீடர்களை இயேசு இளைப்பாறத்தான் அழைத்தார் (மாற்கு 6). நாங்கள் வந்த மறுநாளே கூட்டம் வைத்தோம். அது மனதை உறுத்துகிறது.

இப்படிக் குழுவை நடத்தியவர்களே, திரும்பி வந்த பிள்ளைகளை எந்தப் பொறுப்பில் ஈடுபடுத்தி விசுவாசத்தில் நிலைநிறுத்தினீர்கள்?