28 இஞ்சி ரயர் எங்கும் கிடைக்குமாம்!

இரும்புக்குதிரை: கல்லடிக்காரன் நேற்று இந்தக் குழுவில் எழுதியதைப் படித்து நித்திரையே வரவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் தூரப் பயணத்துக்கும் 700சி என்கிற அளவுச் சில்லுப் போட்ட சைக்கிள்தான் சரியாம். அதுவும் 28 இஞ்சிதானாம், ரயர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்குமாம். ஐயா, எங்கள் அப்பாவின் லுமாலா சைக்கிளில் இருப்பது 28க்கு 1½ இஞ்சி ரயர். அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். உங்களுடைய 700சி 622. இடையில் உள்ள 13 மில்லிமீற்றரை எதால் அடைப்பீர்கள், வாவிச் சேற்றாலா?

கல்லடிக்காரன்: இரண்டு ரயரிலும் 28 என்றுதான் அடித்திருக்கிறது. 28 என்றால் 28. களுவாஞ்சிக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன், ஒரு வருடமாக ஒரு பஞ்சர் இல்லை. அளவுநாடாவோடு சைக்கிள் ஓடுகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இரும்புக்குதிரை: பஞ்சர் ஆகவில்லை, அதனால்தான் தெரியவில்லை. ரயரின் பக்கத்தில் 40-635 என்றோ 37-622 என்றோ சின்ன எழுத்தில் இருக்கும், பின்னால் உள்ள எண்தான் ரிம் விட்டம். வாசிக்கக் கண்ணாடி வேண்டுமென்றால் என்னுடையதைத் தருகிறேன்.

படுவான்கரை ரீச்சர்: ரயரை விடுங்கோ. மார்கழி மழையில் பிறேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லையே. இரும்பு ரிம் நனைந்தால் றப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். வவுணதீவுப் பக்கம் மாடு குறுக்கே வந்த அன்று நான் நின்றது வயலுக்குள். மட்கார்டும் முழுசாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முதுகெல்லாம் சேற்றோடு போக முடியாது.

கல்லடிக்காரன்: ரீச்சர் சரியாகச் சொன்னீர்கள். அதற்குத்தான் அலுமினியமும் டிஸ்க் பிறேக்கும். கடற்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும்.

இரும்புக்குதிரை: துருவுக்கு எண்ணெய் இருக்கிறது. இரும்புச் சட்டம் வெடித்தால் உழவு மெசின் ஒட்டுகிற கடையிலேயே ஒட்டலாம். அலுமினியத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், கையை விரிப்பார்கள். பிறேக் விசயத்தில் ரீச்சர் சொல்வது சரி என்றே வையுங்கள். ஆனால் நான் கேட்டது 28 பற்றி. பதில் எங்கே?

அக்கரைச் சின்னவன்: அண்ணன்மாரே, போன வருடம் அறுகம்பைக்குப் போன கதையையும் சொல்லுங்கோவன். கோமாரிக்கு இந்தப் பக்கம், ஆளரவம் இல்லாத இடத்தில் காற்றுப் போய் நின்றோமே. பம் கொண்டுவராதது யார்?

கல்லடிக்காரன்: கொண்டுவந்தேன்! வால்வுக்குப் பொருந்தவில்லை.

இரும்புக்குதிரை: பொருந்தாது. ரியூப் மெல்லிய பிரெஸ்டா வால்வு, பம் சாதாரண சைக்கிள் பம். அன்றும் 'எல்லா வால்வும் ஒன்றுதான்' என்றுதான் சொன்னீர்கள். இன்றைக்கு ரயர்.

கல்லடிக்காரன்: அன்று திருக்கோவிலில் நாலு பேருக்குத் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தது நான். அந்தக் காசு இன்னும் வரவில்லை. அதற்கும் மில்லிமீற்றர் கணக்குப் பார்ப்பீர்களோ?

படுவான்கரை ரீச்சர்: வடைக் கணக்கு வந்துவிட்டதா. நல்லது.

இரும்புக்குதிரை: வடை ஆறிப்போயிருந்தது. 635, 622. மூன்றாம் தரம் எழுதுகிறேன்.

அக்கரைச் சின்னவன்: எனக்கு இந்த மாதம் ஒரு சைக்கிள் எடுக்க வேணும். சண்டை வேண்டாம், 26 இஞ்சியே எடுக்கிறேன்.

இரும்புக்குதிரை: எந்த 26, தம்பி? 559ஆ, 590ஆ?

கல்லடிக்காரன்: 26 என்றால் 26.