பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் எரிகிறது: பிக்கப் டெயில் லைட் பிரச்சினை

காசிமேடு லோடு:
மீன் லோடு அடிக்கிற பிக்கப் வைத்திருக்கிறேன். விடியுமுன் காசிமேட்டில் ஏற்றி வானகரம் மார்க்கெட்டில் இறக்குவேன். ஒரு வாரமாக இடது டெயில் லைட் படுத்துகிறது. பிரேக் மிதித்தால் மங்கலாக எரிகிறது, அதே பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. பார்க் லைட் போட்டுக்கொண்டு மிதித்தால் இருக்கிற வெளிச்சமும் இறங்கிவிடுகிறது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. பல்ப் இரண்டு முறை மாற்றியாச்சு, ஃபியூஸ் சரி. காட்டிய இடத்தில் பின்பக்க ஒயரிங்கையே மாற்றணும் என்கிறார்கள். இருட்டில் பின்னால் கன்டெய்னர் லாரி வருகிறது, பயமாக இருக்கிறது அண்ணே.

மணலி வண்டி:
பல்ப் 21/5 வாட் இரட்டை இழைதானா, அதாவது பிரேக்குக்கு 21 வாட் இழை, பார்க்குக்கு 5 வாட் இழை என்று ஒரே பல்பில் இரண்டு? ஒற்றை இழை பல்பை அழுத்திச் செருகினாலும் இப்படிக் குழம்பும்.

காசிமேடு லோடு:
இரட்டை இழைதான். வலது பக்க பல்பைக் கழற்றிப் போட்டும் பார்த்தேன், அதே கதை.

பழைய எலக்ட்ரீசியன்:
தம்பி, ஒயரிங்கில் கை வைக்காதே. எர்த், அதாவது கரண்ட் வண்டி இரும்பு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற இணைப்பு, போயிருக்கிறது. அந்த லைட்டில் பிரேக், பார்க், இண்டிகேட்டர் மூன்றுக்கும் எர்த் ஒயர் ஒன்றுதான். அது விட்டுப்போனால் பிரேக்குக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பார்க் இழை, இண்டிகேட்டர் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் எல்லாமே அரைகுறையாக எரிகிறது. பார்க் லைட்டும் போட்டால் இரண்டு இழைக்கும் ஒரு பக்கமாகவே 12 வோல்ட் வந்து நிற்கும், அப்புறம் எப்படி எரியும்?

ஒரு துண்டு ஒயர் எடு. ஒரு முனையை ஹோல்டரின் எர்த்தில் வை, மறுமுனையை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், சுரண்டிய வெறும் இரும்பில் அழுத்து. பளிச்சென்று எரிந்தால் முடிந்தது விஷயம். மீட்டர் இருந்தால் ஆளை விட்டு பிரேக் மிதிக்கச் சொல்லி, ஹோல்டர் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லை.

காசிமேடு லோடு:
அண்ணே, ஒயரை வைத்த உடனே பளிச்! எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிக்கிக் கதவுக்குக் கீழே, ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடத்தில்தான் போல்ட். பார்த்தால் முழுசாக இருக்கிறது, விரலால் தொட்டதும் முனை பச்சைக் களிம்பாக உதிர்ந்தது. உள்ளே நாலைந்து கம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தது.

பழைய எலக்ட்ரீசியன்:
மீன் தண்ணீரின் உப்பு செய்த வேலை அது. கறுத்த செம்பை வெட்டித் தள்ளிவிட்டுப் புது முனை போடு. போல்ட் இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய், இறுக்கியபிறகு வாசலின் பூசு. முடிந்தால் போல்ட்டையே தண்ணீர் படாத பக்கத்துக்கு மாற்று. வலது பக்கத்தையும் இன்றைக்கே கழற்றிப் பார்த்துவிடு, அதுவும் அதே தண்ணீரில்தான் நனைகிறது.

காசிமேடு லோடு:
பார்த்தேன் அண்ணே, அங்கேயும் களிம்பு ஆரம்பித்திருக்கிறது. இரண்டையும் சேஸிஸ் உள்பக்கம் ஏற்றிவிட்டேன். இன்று லோடு இறக்கியதும் பின்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவினேன்.