ஜப்பானியப் பெண்கள் இப்போது ‘கஷிரா’ என்று பேசுவதில்லையா?

கேள்வி:
டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிறேன், வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு பழைய பாடப் புத்தகத்தை வைத்துத்தான் ஜப்பானிய மொழி படித்தேன். பெண்கள் பேச்சை மென்மையாக ‘வா’ என்று முடிப்பார்கள், யோசனையோடு கேட்டால் ‘கஷிரா’ சேர்ப்பார்கள் என்று அதில் இருந்தது. நேற்று அலுவலக ஜன்னலைப் பார்த்து ‘அமே கஷிரா’ (மழையோ என்னவோ) என்றேன். பக்கத்து இருக்கைப் பெண், “எங்கள் பாட்டி இப்படித்தான் பேசுவார்” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், ஆனால் அப்புறம் வாயைத் திறக்கவே தயக்கமாகிவிட்டது. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று தெரிவதுபோல ஜப்பானிய வினையில் ஆண், பெண் தெரியாது. கடைசி அசையிலாவது சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது எப்படித்தான் பேசுவது?

பதில்:
புத்தகத்தில் இருப்பது பொய் இல்லை, காலம் மாறிவிட்டது. இளம்பெண்கள் அதே பொருளில் ‘அமே கானா’ என்கிறார்கள், ஆண்களும் அதையேதான் சொல்கிறார்கள். ‘கஷிரா’ வயதான பெண்களிடமும் மொழிபெயர்ப்பு நாவல்களிலும் அனிமேயிலும்தான் அதிகம். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். மெய்ஜி காலத்தில் (1868–1912) பள்ளி மாணவிகள் ‘தேயோ’, ‘தவா’ என்று முடித்துப் பேசியபோது, இது என்ன நாகரிகமில்லாத பேச்சு என்று படித்தவர்கள் பத்திரிகைகளில் திட்டினார்கள். அதே பேச்சுதான் பிறகு நல்ல குடும்பத்துப் பெண்ணின் அடையாளமாக ஆனது! நான் இருக்கும் ஒசாகாவில் ஆண்களே ‘இக்கு வா’ (கிளம்புகிறேன்) என்பார்கள். குரல் கீழே இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதில்:
நான் ஆண், எனக்குச் சிக்கல் ‘நான்’ என்ற சொல்லில். எங்கள் மேலாளர் கூட்டத்தில் தன்னை மரியாதையாக ‘வதாஷி’ என்பார், மாலையில் இசகயாவில் (மதுவும் சிற்றுண்டியும் கிடைக்கும் கடை) உட்கார்ந்ததும் அதே மனிதர் முரட்டு ஆண் பேச்சில் ‘ஒரே’ என்பார். எனக்கு ‘ஒரே’ இன்னும் வாயில் வரவில்லை, ஆண்கள் சொல்லும் மென்மையான ‘நான்’ ஆன ‘பொகு’வோடு நிற்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் வாக்கியக் கடைசியில் ‘தெசு’, ‘மசு’ என்ற மரியாதை முடிவுகளைப் போட்டுப் பேசுங்கள், அது ஆண், பெண் இருவருக்கும் பொது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்று ‘அமே கானா’ என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “குடை இருக்கிறதா?” என்று கேட்டாள்.