டேங்க் சர்க்யூட்: தொட்டிச் சுற்றா, ஊசல் சுற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

> வானொலித் திறன் பெருக்கியில் வரும் டேங்க் சர்க்யூட்டுக்குத் 'தொட்டிச் சுற்று' என்றே வைத்துவிடலாமே? ஆற்றலைத் தேக்குவதுதானே அதன் வேலை?

சுருளும் மின்தேக்கியும் இணைந்த அந்தச் சுற்று ஆற்றலைத் தேக்குகிறது என்பது சரிதான் ஐயா. ஆனால் எவ்வளவு தேக்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 வாட் தரும் வால்வுப் பெருக்கி (வெற்றிடக் குழாயால் ஓடுவது) ஒன்று 7 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதன் சுற்றுக்குக் கியூ மதிப்பு (வெளியேறும் ஆற்றலோடு ஒப்பிடத் தேங்கும் ஆற்றல் எவ்வளவு என்று காட்டும் எண்) 12 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைச் சுழற்சியில் ஆன்டெனாவுக்குப் போவது ஏறக்குறைய 0.2 மில்லிஜூல். கியூ 12-ஐ 2π-ஆல் (சுமார் 6.28) வகுத்தால், சுற்றுக்குள் எந்த நேரமும் இருப்பது சுமார் இரண்டு சுழற்சிக்கான ஆற்றல், அதாவது 0.4 மில்லிஜூல். அவ்வளவுதான்!

அதே பெட்டிக்குள் மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகளைப் பாருங்கள். 3,000 வோல்ட்டில் 50 மைக்ரோஃபாரட் என்றால் 225 ஜூல். ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல். தொட்டி என்று எதையாவது சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும். (சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடியது அது. வடிகால் மின்தடைகள் அதைக் காலிசெய்துவிட்டனவா என்று சோதிக்காமல் உள்ளே கை வைக்கவே கூடாது.)

சுற்று உண்மையில் செய்யும் வேலை வேறு. ஏபி வகுப்பில் ஓடும் வால்வு, அலையின் பாதிக்குச் சற்று அதிகமான நேரம்தான் மின்னோட்டத்தைக் கடத்துகிறது. மீதி நேரம் சும்மா இருக்கிறது. ஆக, வால்விலிருந்து வருவது முழு அலை அல்ல, வரிசையான உதைப்புகள். ஊஞ்சலை ஒரு பக்கம் மட்டும் தள்ளினாலும் அது தானே மறுபக்கம் போய் வருகிறதல்லவா, அப்படித்தான் சுருளும் மின்தேக்கியும் ஆற்றலை மாற்றி மாற்றிக் கொடுத்து விடுபட்ட பாதியை நிரப்பிவிடுகின்றன.

இந்த ஆட்டம் சின்ன ஆட்டம் இல்லை. மேலே சொன்ன பெருக்கியில் வால்வு எடுக்கும் நேர்மின்னோட்டம் 0.8 ஆம்பியர் அளவில் இருக்கும். சுருளுக்குள் போய்வரும் மின்னோட்டமோ 10 ஆம்பியரைத் தொடும். சுருளைத் தடித்த செப்புக் குழாயில் சுற்றுவதும் வெள்ளி முலாம் பூசுவதும் அதனால்தான். எனவே என் முன்மொழிவு 'ஊசல் சுற்று'. 'ஊசற்சுற்று' என்று புணர்த்தி எழுதுவதுதான் முறை. ஆனால் வரைபடத்தில் எழுதுகிறவர் பிரித்து எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

> 'ஒத்ததிர்வுச் சுற்று' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. அது பெரிய குடும்பத்தின் பெயர். வேண்டாத அலையை விழுங்கும் பொறிச் சுற்றும் அதில் அடங்கும், ஏற்பியின் முன்வாசலில் இருக்கும் தேர்வுச் சுற்றும் அடங்கும். உதைப்பை வாங்கி முழு அலையாக்குவதற்கென்று தனிப் பெயர் தேவை.

> அப்படியானால் எல்லாத் திறன் பெருக்கிகளுக்கும் இதே சொல்தானா?

இல்லை. 50 வோல்ட்டில் ஓடும் எல்டிமாஸ் என்ற வகை டிரான்சிஸ்டர் பெருக்கிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஊசல் சுற்றே இருக்காது. இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிர்ப் பாதிகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிய அகலப்பட்டை மின்மாற்றி இரண்டையும் சேர்க்கிறது. அப்புறம் ஒவ்வோர் அலைவரிசைப் பட்டைக்கும் ஒரு தாழ்நிலை வடிப்பான் (குறைந்த அதிர்வெண்களை மட்டும் கடத்துவது), ரிலே வழியாக மாறும். அங்கே 'ஊசல்' என்று எழுதினால் பிழை.

வால்வுப் பெருக்கியில் இந்தச் சுற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்வின் பக்கம் 2,000 ஓம் அளவில் இருக்கும் மின்னெதிர்ப்பை ஆன்டெனாப் பக்கத்தின் 50 ஓமுக்கு இறக்கித் தர வேண்டும். அதற்குத்தான் சுருளின் இரு முனையிலும் ஆளுக்கொரு மின்தேக்கி வைத்த அமைப்பு. இதன் வடிவம் கிரேக்க எழுத்தான π (பை) போல இருப்பதால் சிலர் 'பை வலை' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு மீன்பிடிச் சாமான் நினைவுக்கு வந்தால் அவர் மீது குற்றமில்லை. சுருள் உத்தரமாகவும் மின்தேக்கிகள் கால்களாகவும் நிற்பதால் 'இருகால் ஊசல் சுற்று' என்று சொல்லிப் பார்க்கலாம். டி வடிவத்துக்கு 'ஒருகால்' என்று வைக்க ஆசைதான், ஆனால் "ஒருகால் சுற்று வேலை செய்யலாம்" என்று எழுதினால் சந்தேகமாகச் சொல்வது போலாகிவிடும்!

முன்பலகையில் இருக்கும் இரண்டு குமிழ்களில் 'ட்யூன்' என்பதற்கு 'இசைவு' போதும். திருப்பிக்கொண்டே போகையில் வால்வின் பிளேட் (நேர்மின்வாய்) மின்னோட்டம் எந்த இடத்தில் குழிகிறதோ அங்கே ஒத்ததிர்வு. 'லோட்' குமிழ்தான் சிக்கல். 'சுமை மின்தேக்கி' என்று வைத்தால், கொள்ளளவைக் கூட்டினால் சுமை கூடும் என்றே நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு, கொள்ளளவைக் குறைத்தால்தான் வால்வின் மீது சுமை ஏறுகிறது. 'பிணைப்பு மின்தேக்கி' என்றால் அது பெருக்கியின் இரண்டு படிகளுக்கு நடுவில் வரும் வேறொன்றுக்கு வழங்குகிறது. இந்த ஒன்றுக்குப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.