ஞானப்பல் அறுவை சிகிச்சை: "உதடு மரத்துப்போகலாம்" என்ற படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

படுத்தபல்:
கீழ்த்தாடையில் இடது பக்கம் ஞானப்பல் படுத்தவாக்கில் இருக்கிறது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அடிக்கடி ஈறு வீங்கி வாயைத் திறக்கவே முடிவதில்லை, மாத்திரை போட்டால் அடங்கும், அப்புறம் மறுபடி வரும். பல் மருத்துவர் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். அவர் முழுத்தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வேர் நரம்பை ஒட்டியிருக்கிற மாதிரி தெரிகிறது, சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். வீட்டுக்கு வந்து ஒப்புதல் படிவத்தைப் படித்தால் "உதடு, நாக்கு நிரந்தரமாக மரத்துப்போகலாம்" என்று ஒரு வரி. இது எல்லோருக்கும் சும்மா போடுகிற வரியா, இல்லை எனக்கு உண்மையிலேயே ஆபத்தா? பேசாமல் பல்லை விட்டுவிடலாமா?

தாடைவைத்தியர்:
இதுதான் என் தொழில். உங்கள் படத்தைப் பார்க்காமல் உங்கள் பல்லைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

அந்த வரி சும்மா இல்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரியான பாதையில் ஓடும் நரம்பு, கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் தொடு உணர்வைக் கொடுக்கிறது. உணர்வு மட்டும்தான், அசைவு இல்லை. அதனால் அது அடிபட்டாலும் வாய் கோணிப்போகாது. நிரந்தரமாக மரத்துப்போவது பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் ஓபிஜியில் நரம்புப் பாதையின் வெள்ளைக் கோடு வேர் இருக்கும் இடத்தில் அறுந்தோ, பாதையே வளைந்தோ, வேர் கருத்தோ தெரிந்தால் கணக்கு மாறும். ஓபிஜி தட்டையான படம், வேரும் நரம்பும் முன்னும் பின்னுமாக விலகி இருந்தால்கூட ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சிபிசிடி. எல்லோருக்கும் அதை எழுதிக் கொடுப்பது தேவையற்ற கதிர்வீச்சு, ஆனால் உங்கள் மருத்துவர் சொன்ன காரணம் சரியான காரணம்.

வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே உள்ளே விட்டுவிடுவது. கரோனெக்டமி என்பார்கள். வேர் வரை சொத்தையோ சீழோ போயிருந்தால், பல் ஆடிக்கொண்டிருந்தால், இது ஆகாது. விட்ட வேர் பின்னாளில் மெல்ல மேலே நகர்ந்து வரலாம், சிலருக்கு அப்போது அதை எடுக்க வேண்டிவரும், ஆனால் அதற்குள் பெரும்பாலும் நரம்பைவிட்டு விலகியிருக்கும். "எனக்கு இது பொருந்துமா?" என்று நேராகவே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விட்டுவிடலாமா என்றால், தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்காதீர்கள் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. உங்களுடையது அந்த வகை இல்லை. திரும்பத் திரும்ப ஈறு வீங்குகிறது என்பது எடுப்பதற்கான காரணம்தான்.

இன்னொன்று, பல் எண். உலகின் பல நாடுகளில் வழங்கும் முறையில் 18 என்றால் மேல் வலது ஞானப்பல், அமெரிக்க முறையில் 18 என்றால் கீழ் இடது பக்கம், அதுவும் ஞானப்பல்லுக்கு முன்னால் இருக்கிற நல்ல பல்! ஒருவர் எழுதிய கடிதத்தை இன்னொருவர் படிக்கும்போது தவறான பல் போவது இப்படித்தான். ஊசி போடும் முன் எந்தப் பல் என்று மருத்துவர் வாயால் சொல்ல, நீங்கள் விரலால் காட்ட, இரண்டும் படத்தோடு ஒத்துப்போகட்டும்.

மரத்தஉதடு:
எனக்கு இது நடந்தது. எடுத்தபின் தாடை ஒரு பக்கம் உணர்வே இல்லை, உதட்டை நானே கடித்துக்கொண்டு ரத்தம் வந்தபிறகுதான் தெரியும். சில மாதங்களில் ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்து மெதுவாகத் திரும்பியது. முன்னாடியே சொல்லியிருந்ததால் பயம் இருந்ததே தவிர ஆத்திரம் இல்லை.

மகள்2:
டாக்டர், நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்குப் பல் எடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு 6 மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் உண்டு. இரண்டையும் நிறுத்திவிட்டுப் போகட்டுமா?

தாடைவைத்தியர்:
நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தம் உறைந்து கட்டியாகி பக்கவாதம் வரக்கூடும். பல் எடுத்த குழியில் வரும் ரத்தத்தைத் தையல் போட்டு, அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைச் சமீபத்தில் பார்த்திருக்க வேண்டும், அது பாதுகாப்பான அளவுக்குள்ளும் இருக்க வேண்டும்.

6 மாத ஊசி என்றால் டெனோசுமாபாக இருக்கும் என்று நினைக்கிறேன், சீட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. இந்த வகை மருந்துகளில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும். புற்றுநோய்க்கான பெரிய அளவுகளில் இது அதிகம், எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் அரிது. பல்லை எப்போது எடுப்பது என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். ஆனால் பலர் "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டால் மாத்திரையை மட்டும்தான் சொல்கிறார்கள், ஊசி நினைவுக்கே வராது. கட்டாயம் சொல்லுங்கள்.

படுத்தபல்:
நன்றி டாக்டர், ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டேன். எடுத்தபிறகு எதுவரை வீட்டிலேயே இருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

தாடைவைத்தியர்:
முதல் நாள் கொப்பளிக்கவோ துப்பவோ வேண்டாம், புகை அறவே கூடாது. ஓரிரு நாள் வீக்கம் ஏறிப் பிறகு வடிவது இயல்பு. குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை பிடுங்கினால் குழியில் ரத்தக்கட்டி கரைந்திருக்கும், போய் மருந்து வைத்துக்கொண்டால் அடங்கும், அவசரம் இல்லை. ஆனால் நாக்குக்கு அடியில் வீங்கி எச்சிலை விழுங்க முடியாமலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு வாய் பூட்டிக்கொண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு. மரப்பு ஊசி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த சந்திப்புவரை வைத்திருக்க வேண்டாம்.